முதல் மாரத்தான் பயிற்சியில் பசியையும் எடையையும் சமாளிப்பது: முழுமையான வழிகாட்டி

மாரத்தான் பயிற்சி தொடங்கி ஒன்றரை மாதம் போனதும் பலரும் ஒரே புலம்பலோடு வருவார்கள். "வாரம் 40 கிலோமீட்டர் ஓடுறேன், வெயிட் மட்டும் குறையவே மாட்டேங்குது." சிலருக்கு ஒரு கிலோ ஏறியே இருக்கும். கூடவே ஒரு பசி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்கிற பசி. பகலெல்லாம் வாயைக் கட்டிவிட்டு, இரவு ஒன்பதரைக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டே சாப்பிட வைக்கிற பசி.

இது மன உறுதிக் குறைவால் வருவது இல்லை. பெரும்பாலும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சாப்பிடாமல் விட்ட பாக்கியைத்தான் உடம்பு இரவில் வட்டியோடு வசூலிக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே நிலைப்பாட்டில்தான் நிற்கும்: ஓட்டத்துக்கு வேண்டியதை ஓட்டத்தைச் சுற்றியே சாப்பிட்டுவிடுங்கள். குறைக்க வேண்டியதை ஓட்டத்திலிருந்து தள்ளி இருக்கும் வேளைகளில் குறையுங்கள். கடினமான வாரங்கள் வந்ததும் எடைக் குறைப்பை நிறுத்திவிடுங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், பதின்ம வயதினர், உணவுக் கோளாறு எப்போதாவது இருந்தவர்கள், பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஆகியோர் இங்குள்ள கணக்குகளைத் தாங்களாகவே செயல்படுத்த வேண்டாம். முதலில் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ பேசுங்கள்.

படி 1: காலண்டரில் கோடு போடுங்கள்

முதல் மாரத்தானுக்கான திட்டம் பெரும்பாலும் 16 முதல் 20 வாரம் வரை இருக்கும். அந்த வாரங்கள் எல்லாமே எடை குறைக்க ஏற்றவை அல்ல. உங்கள் திட்டத்தை எடுத்து, வாரத்தின் மிக நீண்ட ஓட்டமான லாங் ரன் 25 கிலோமீட்டரைத் தொடும் வாரத்தைக் கண்டுபிடித்து அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு முந்தைய வாரங்களில் எடை குறைக்கலாம். அதற்குப் பிந்தைய வாரங்களில் இருக்கிற எடையைக் காப்பாற்றினால் போதும். டேப்பர் எனப்படும் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் எடை என்ற பேச்சே வேண்டாம்.

காரணம் எளிது. நீண்ட ஓட்டங்களின் சேதத்தைச் சரிசெய்ய உடம்புக்கு மாவுச்சத்தும் புரதமும் தேவை. அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் வேகம் குறையும், தூக்கம் கெடும், சளி பிடிக்கும், எலும்பில் விரிசல் வரைக்கும் போகலாம். இரண்டு கிலோ குறைத்துவிட்டுத் தொடக்கக் கோட்டுக்கே வர முடியாமல் போனவருக்கு அந்த இரண்டு கிலோவால் என்ன பயன்?

பத்து கிலோவுக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால், என் கருத்தில் மாரத்தானை அடுத்த பருவத்துக்குத் தள்ளுவதே நல்லது. இந்த வருடம் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம், முடிந்தால் ஓர் அரை மாரத்தான். எடை குறைய அந்தப் பயிற்சியே தோதானது, பசியும் அவ்வளவு அகோரமாக இருக்காது.

படி 2: ஓட்டம் எவ்வளவு எரிக்கிறது என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்

மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கலோரி. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் பெரிய மாற்றம் இல்லை. 72 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசிவரை இவரையே உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். இவர் 6 கிலோமீட்டர் ஈஸி ரன், அதாவது மெதுவான ஓட்டம், போனால் எரிவது சுமார் 430 கலோரி. அதில் 50 கலோரி, அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும்.

வாரம் 40 கிலோமீட்டர் என்றால் 2,880 கலோரி. கேட்க நிறையத் தெரிகிறது. ஏழால் வகுத்தால் நாளுக்கு 410. கையளவு வறுத்த கடலை, ஒரு பெரிய கிளாஸ் சர்க்கரை போட்ட பானம், இரண்டு பிஸ்கட். 410 கலோரி அதோடு தீர்ந்தது. "இவ்வளவு ஓடுகிறேனே" என்ற நினைப்புக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள இடைவெளியில்தான் பலருக்கு எடை ஏறுகிறது.

கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் கலோரியை நம்பி சாப்பிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017ல் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும் இருப்பதிலேயே சிறந்த கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

உடம்பும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடிக்கும். காலையில் 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு மாலை வரை சோபாவை விட்டு எழாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாடிப்படி ஏறாமல் லிஃப்ட், நடக்காமல் வண்டி. வெளியே தெரியாத சிக்கனமும் உண்டு. 2021ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, கூடுதலாகச் செய்யும் உடலுழைப்பில் எரியும் கலோரியில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு இடங்களில் மிச்சம் பிடித்து ஈடுகட்டிவிடுகிறது. எனவே ஓட்டத்தில் எரிந்ததாகக் கணக்கில் வரும் கலோரியை அப்படியே தட்டில் திருப்பிப் போடக் கூடாது.

சரி, எவ்வளவு சாப்பிடுவது? இரண்டு வாரம் வழக்கம்போல் சாப்பிட்டு, சாப்பிட்டதை எழுதி வையுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு வாரச் சராசரியும் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் உங்கள் நிலை எடைக்கான அளவு. சூத்திரங்கள் தரும் எண்ணைவிட இது நம்பகமானது.

படி 3: கலோரிப் பற்றாக்குறையை எந்த நாளில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மாரத்தான் பயிற்சியோடு வாரம் கால் கிலோ குறைந்தால் நல்ல வேகம். அரை கிலோ உச்சவரம்பு. "மாதம் ஐந்து கிலோ" திட்டங்களை ஓட்டம் இல்லாதவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

பெரும்பாலானோர் ஏழு நாளும் ஒரே அளவாகக் குறைக்கப் பார்ப்பார்கள். அது வேண்டாம். ஞாயிறு லாங் ரன், திங்கள் ஓய்வு, செவ்வாய் ஈஸி, புதன் இன்டர்வல் (விட்டு விட்டு வேகமாக ஓடுவது) அல்லது டெம்போ (தொடர்ந்து சற்று வேகமாக ஓடுவது), வியாழன் ஈஸி, வெள்ளி ஓய்வு, சனி சின்ன ஓட்டம். இதுதான் வாரம் என்றால், செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நிலை எடைக்கான அளவிலிருந்து 500 கலோரி குறையுங்கள். திங்களும் புதனும் 200 போதும். சனி, ஞாயிறு எதுவும் குறைக்க வேண்டாம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 1,900, அதாவது கால் கிலோ.

சனிக்கிழமையை விட்டுவைப்பது மறுநாள் ஓட்டத்துக்காக. திங்களன்று கொஞ்சமாகக் குறைப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. கடினமான ஓட்டம் முடிந்த கையோடு பசி வராது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இறங்கி, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 போன்றவை ஏறியிருக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்த அமைதி கலைந்துவிடும். லாங் ரன்னின் முழுப் பசி பலருக்கு மறுநாள்தான் இறங்கும். திங்கள் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்தில் மேசை இழுப்பறையைத் துழாவுகிறவர் ஞாயிற்றுக்கிழமைப் பசியைத்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு "இன்று ஓட்டம் இல்லை, அதனால் கம்மியாகச் சாப்பிடுவோம்" என்று இறங்கினால் செவ்வாய் இரவுக்குள் கட்டுப்பாடு உடைந்துவிடும்.

படி 4: ஓட்டத்தைச் சுற்றிச் சாப்பிடுங்கள்

கை வைக்கக் கூடாத பகுதி இதுதான்.

ஓட்டத்துக்கு முன்: ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஈஸி ரன்னை வெறும் வயிற்றில் ஓடுவதில் தவறில்லை, உங்களுக்கு ஒத்துவந்தால். 75 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டமோ இன்டர்வலோ என்றால் சாப்பிடாமல் போகாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் எழ முடிந்தால், கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்து. அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது என்றால் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு வாழைப்பழமாவது. அதில் சுமார் 25 கிராம் கிடைக்கும். வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்ற பேச்சை நிறையக் கேட்டிருப்பீர்கள். ஓடும் நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் அதிகமாக எரிவது உண்மைதான். நாள் முழுக்கச் சாப்பிட்டது அதே அளவாக இருந்தால் எடை குறைவதில் அது வித்தியாசம் காட்டுவதில்லை.

ஓட்டத்தின்போது: 75, 90 நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சின்ன மாவுச்சத்துப் பாக்கெட்தான் ஜெல், ஒன்றில் பொதுவாக 20 முதல் 25 கிராம் இருக்கும். "எடை குறைக்கும்போது ஜெல்லா?" என்று பலர் தயங்குவார்கள். நூறு கலோரியை ஓட்டத்தில் மிச்சம் பிடித்துவிட்டு மாலையில் அறுநூறு கலோரியைக் கணக்கில்லாமல் தின்பதுதான் அந்தத் தயக்கத்தின் வழக்கமான முடிவு. தவிர, ஓடிக்கொண்டே சாப்பிடுவதற்குக் குடலையும் பழக்க வேண்டும். போட்டியன்று முதன்முதலாக ஜெல் எடுத்தால் வயிற்றின் பதில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டத்துக்குப் பின்: நீண்ட, கடினமான ஓட்டமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, 20 முதல் 30 கிராம் புரதம். பசி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பசியின்மை தற்காலிகமானது என்று மேலே பார்த்தோம். மெல்லப் பிடிக்கவில்லை என்றால் குடியுங்கள். அரை மணி நேர ஈஸி ரன்னுக்கு இதெல்லாம் தேவையில்லை. அடுத்த வேளைச் சாப்பாடே போதும். 5 கிலோமீட்டர் ஓடிவிட்டு "ரிக்கவரி" என்று ஒரு பெரிய ஷேக் குடிப்பது எரித்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான்.

படி 5: ஒரு லாங் ரன் நாளை மணிவாரியாகப் பாருங்கள்

நம் 72 கிலோக்காரர் ஞாயிறு காலை ஐந்தரைக்கு 24 கிலோமீட்டர் கிளம்புகிறார். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற பேஸ். திரும்பி வரும்போது எட்டு இருபது ஆகிவிடும். எரிவது சுமார் 1,730 கலோரி.

நாலே முக்காலுக்கு ஜாம் தடவிய இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு வாழைப்பழம். மாவுச்சத்து 65 கிராம் பக்கம் வரும். நார்ச்சத்தும் கொழுப்பும் குறைவு என்பதால் வயிறு தொந்தரவு செய்யாது. ஓட்டத்தில் 35, 70, 105, 140ஆவது நிமிடங்களில் ஒவ்வொரு ஜெல், கூடவே தண்ணீர். மணிக்கு 30 கிராமுக்குச் சற்று மேல். இதுவே தொடக்கத்துக்குப் போதும், வாரம் போகப் போக 45, 50க்கு ஏற்றலாம்.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றியதும் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். எட்டு முக்காலுக்கு 300 மில்லி பாலில் ஒரு வாழைப்பழத்தை அடித்துக் குடிக்கிறார். குளித்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் உண்மையான காலை உணவு: மூன்று முட்டை, வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு பழம். முட்டை சாப்பிடாதவர் பனீரோ டோஃபுவோ கெட்டித் தயிரோ எடுக்கலாம். ஒரு மணிக்கு வழக்கமான மதியச் சாப்பாடு, சோறோ ரொட்டியோ வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. நாலரைக்குத் தயிரும் பழமும் கொஞ்சம் கொட்டைப் பருப்பும். ஏழரைக்கு இரவு உணவு.

அன்றைக்கு அந்த நாலரை மணிதான் முக்கியம். அதைத் தவறவிட்டவர்தான் ஏழரைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டு, ஒன்பதரைக்கு மறுபடி ஃப்ரிட்ஜ் பக்கம் போகிறார். அப்படியும் படுக்கும் முன் பசித்தால் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணம் தயிரில் ஓட்ஸ், அல்லது ஒரு கிளாஸ் பாலும் ரொட்டியும். தட்டில் போட்டு, உட்கார்ந்து. பசியோடு புரண்டு படுத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது இரட்டை நஷ்டம். தூக்கம் குறைந்தால் மறுநாள் கிரெலின் ஏறும், பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்கும், இனிப்பின் மீது கை தானாகப் போகும்.

படி 6: மற்ற வேளைகளில் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கலோரியைக் குறையுங்கள்

பற்றாக்குறை நாட்களில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தட்டில் இருப்பதை மாற்றினாலே போதும்.

முதலில் புரதம். நாளுக்கு, கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்று குறி வையுங்கள். நம் ஆளுக்கு 115 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 28, 29. பசி தாங்குவதற்கும், எடை குறையும்போது தசை கரையாமல் இருப்பதற்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. காலையில் புரதம் இல்லாமல் வெறும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டவர்கள் பதினொரு மணிக்கே தவிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இடத்தை அடைக்கும் உணவு. சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது அதிக நேரம் வயிற்றை நிறைத்து வைக்கிறது என்று 1995ல் பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்றால், வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323 கிடைத்தது. வெண்ணெய் நிறைந்த குரோசோனுக்கு 47. எடை குறைக்கிறேன் என்று உருளைக்கிழங்கை விலக்குபவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். பொரித்ததைச் சொல்லவில்லை, வேகவைத்ததை.

காய்கறி, பருப்பு வகைகள், முழுப் பழம், சூப் இவையெல்லாம் இடத்தை அடைப்பதில் நம் பக்கம். இவற்றைப் பற்றாக்குறை நாட்களின் மதியத்திலும் இரவிலும் நிறைய வையுங்கள். லாங் ரன்னுக்கு முந்தின இரவு மட்டும் அளவோடு. அவ்வளவு நார்ச்சத்தோடு மறுநாள் காலை 24 கிலோமீட்டர் ஓடுவது கழிப்பறையைத் தேடி ஓடுவதாகத்தான் முடியும்.

குடிக்கும் கலோரி பசியைத் தீர்ப்பதில்லை. ஓட்டத்தைச் சுற்றிக் குடிக்கும் பாலும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் வேலைக்கான எரிபொருள், சரி. அலுவலகத்தில் மூன்று முறை சர்க்கரையோடு குடிப்பதும், இரவு மதுவும் கணக்கில் ஏறுமே தவிர வயிற்றில் நிற்காது. முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான்.

பாக்கெட் தின்பண்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹாலின் குழு 2019ல் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டதில், பதப்படுத்திய உணவு வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நாம் செவ்வாய்க்கிழமை குறைக்கப் பார்ப்பதும் அதே 500தான்.

மாவுச்சத்தையே விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். மாவுச்சத்தைத் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்க முடிவது ஏறத்தாழ 2,000 கலோரி. மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு நம் ஆளுக்கு வேண்டியது 3,000க்கு மேல். மீதிக்குக் கொழுப்பும், வழியில் சாப்பிடுவதும் கைகொடுக்கும். இருந்தும் 30, 32 கிலோமீட்டரில் கால் கட்டிப்போட்டதுபோல் ஆவதற்கு இந்தச் சேமிப்பு வற்றுவதே முக்கியக் காரணம். லூயிஸ் பர்க் என்ற விளையாட்டு உணவியலாளர் உயர்மட்ட நடைப் போட்டியாளர்களிடம் செய்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பை ஏற்றியவர்களுக்குக் கொழுப்பு நன்றாகவே எரிந்தது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது, பந்தய நேரமும் முன்னேறவில்லை. பயிற்சி வாரத்தில் நாளுக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து சரியாக இருக்கும். ஓய்வு நாளில் கீழ் எல்லைக்கும் கொஞ்சம் கீழே போகலாம், லாங் ரன் நாளில் மேல் எல்லையைத் தாண்டலாம்.

படி 7: தராசை எப்படிப் படிப்பது

தினமும் காலை, கழிப்பறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன். அன்றன்றைய எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், நோகவும் வேண்டாம். வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் வருபவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பயிற்சியால் சேமிப்பு கூடும்போது எடையும் கூடும். லாங் ரன் முடிந்த மறுநாள் தசைகள் வீங்கித் தண்ணீரைத் தேக்கும், தராசு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். ஓடிவிட்டு வந்த உடனே ஏறிப் பார்த்து "ஒன்றரை கிலோ போச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. அது வியர்வை. குடித்தால் திரும்பி வந்துவிடும். அந்த எண்ணுக்கு வேறு உபயோகம் இருக்கிறது: ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் மணிக்கு எவ்வளவு வியர்க்கிறீர்கள் என்று தெரியும், பந்தயத்தில் எவ்வளவு குடிக்கலாம் என்பதற்கு அது உதவும்.

மூன்று வாரச் சராசரி அசையவே இல்லை என்றால் பற்றாக்குறை நாட்களில் இன்னும் 100, 150 கலோரி குறையுங்கள், அல்லது ஓடாத நேரத்தில் நடையைக் கூட்டுங்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன். ஓட்டத்தைச் சுற்றியுள்ள உணவில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 8: எப்போது உடனே நிறுத்த வேண்டும்

தேவையைவிடத் தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு கடுமையாகப் பயிற்சி செய்தால் உடம்பு ஒவ்வொரு இயக்கமாகச் சுருக்கத் தொடங்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ல் இதற்கு ரெட்-எஸ் என்று பெயரிட்டது. பெண்கள், ஆண்கள் இருவருக்கும் வரும். ஒல்லியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்பது தவறான எண்ணம்.

மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது, ஆண்களுக்குக் காலை விறைப்பும் பாலுணர்வும் குறைவது, காரணமில்லாத எரிச்சல், எப்போதும் குளிர்வது, அடிக்கடி சளி, ஈஸி பேஸில்கூட இதயத் துடிப்பு ஏறுவது, ஆறாத தசைவலி. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றே பற்றாக்குறையை நிறுத்துங்கள். முழங்காலுக்குக் கீழோ பாதத்திலோ விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் எலும்பு வலித்தால் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சோர்வு நீடித்தால், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இரும்புச்சத்து குறைவது சகஜம்.

மனதில் தெரியும் அறிகுறியும் உண்டு. 1944, 45ல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களை வைத்து நடத்திய பட்டினி ஆய்வில், அந்த ஆரோக்கியமான இளைஞர்கள் நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே யோசித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பட்டினிக் காலம் முடிந்தபின் எவ்வளவு சாப்பிட்டும் அவர்களில் பலருக்குத் திருப்தி வரவில்லை. அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வேளையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், குறைத்தது அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

படி 9: டேப்பரும் பந்தயமும்

கடைசி மூன்று வாரத்தில் கிலோமீட்டர் குறையும், பசி உடனே குறையாது. பதறாமல் நிலை எடைக்கான அளவில் சாப்பிடுங்கள். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது வேண்டிய ஏற்றம்: நிரம்பிய கிளைகோஜனும் அதோடு சேர்ந்த தண்ணீரும்.

பந்தயத்துக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரம் கார்போ லோடிங், அதாவது மாவுச்சத்தை நிரப்பிக்கொள்வது. வழிகாட்டு நெறிகள் நாளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்கின்றன. நம் ஆளுக்கு அது 720 கிராமுக்கு மேல். பழகாதவருக்கு மலைப்பாக இருக்கும். முதல் மாரத்தானில் 8, 9 கிராமை எட்டினாலே நல்லது என்பேன். தட்டைப் பெரிதாக்காமல் கொழுப்பையும் காய்கறியையும் குறைத்து அந்த இடத்தில் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழச்சாறு என்று வைத்தால் முடியும். அன்று காலை மூன்று மணி நேரத்துக்கு முன் கிலோவுக்கு 2 கிராம் மாவுச்சத்து. லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்த்தவை மட்டும்.

தண்ணீரில் ஓர் எச்சரிக்கை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்பு அளவைவிடத் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கு, அந்த வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பார்கள், அவர்களுக்கு இது கூடுதல் பொருத்தம். தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்க வேண்டாம்.

படி 10: பதக்கம் வாங்கிய பிறகு

எடை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான். வாரம் 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் 15க்கு இறங்கினால் நாளுக்கு 360 கலோரி செலவு குறைகிறது, பசியோ பழைய அளவிலேயே இருக்கிறது. முதல் பத்து நாள் எதையும் குறைக்க வேண்டாம், உடம்பு பழுதுபார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு, ஓட்டத்துக்காகச் சேர்த்தவற்றை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்: கிளம்பும் முன் வாழைப்பழம், திரும்பியதும் பால், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மடங்குச் சோறு. மூன்று வேளைச் சாப்பாட்டையும் புரத அளவையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் குறைக்க வேண்டிய எடை இருந்தால், மூன்றாவது நான்காவது வாரத்தில் படி 3ல் உள்ள கணக்கை மறுபடி தொடங்கலாம். லாங் ரன் இல்லாத அந்த மாதங்களில் அது இன்னும் சுலபமாகவே நடக்கும்.